இரண்டாம் இடத்து மாப்பிள்ளை

மானிப்பாயில் தகரக் கூரை போட்ட ஒரு ரியூட்டரியில் வணிகக் கல்வி படிப்பித்துக்கொண்டிருந்தேன். பங்கு என்றால் என்ன என்ற கேள்விக்கு நான் வைத்திருந்த விடை அந்தப் பக்கத்தில் கொஞ்சம் பிரபலம். நூறு பேர் சேர்ந்து ஒரு வெங்காய லொறி வாங்கினால் ஆளுக்கு ஒரு ஆணியாவது சொந்தம் என்று தொடங்கி ஒரு மணித்தியாலம் அளப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். பரீட்சைத் தாளிலும் அந்த ஆணியை எழுதிவிட்டு வருவார்கள். நான் ஒரு பங்குப் பத்திரத்தைக் கண்ணால் கண்டதில்லை என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

எண்பத்துமூன்று ஆடி வரைக்கும் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு சரக்குக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது என்னிடம் இருந்தவை உடுத்திருந்த காற்சட்டை, யாருடையது என்று தெரியாத ஒரு குடை, கொழும்பில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பரின் விலாசம். நண்பர் அங்கேயே நின்றுவிட்டார். பின்னர் ஒரு பங்குத் தரகர் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு நடந்த பங்கு விஷயத்தில் எனக்குச் சரியான புத்தி சொன்னவர் அவர்தான். அவருக்கு நான் வேடிக்கையாகப் பகிடிக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் பண்டத்தரிப்பில் கலியாணம் செய்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவிக்குச் சீதனமாக வந்தவை அங்கேயே நாங்கள் இருந்த வீடும், சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு செம்பாட்டுத் தோட்டமும். தோட்டத்தை அவளுடைய தம்பி செய்தார். வெங்காயமும் மிளகாயும் போட்டு, எங்களுக்குரிய பங்கை ஒழுங்காகக் கொண்டுவந்து தருவார். பங்கு என்பதை நான் படிப்பித்தேன், அவர் தந்தார் என்று மனைவி சொல்லுவாள்.

தொண்ணூற்றிமூன்று தொடக்கத்தில் அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. கிணற்றில் இரண்டு வாளி அள்ளியதும் கிணற்றுக்கட்டிலேயே இருந்துவிடுவாள். மூன்றாவது வாளியை நான் அள்ளுவேன். அள்ளும்போது நானும் மூச்சு வாங்குவது போல நடித்து அவளைச் சிரிக்கவைப்பேன். அப்படியே நாலைந்து மாதம் போனது. பிறகுதான் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சின்ன வயதிலை மூட்டுக் காய்ச்சல் வந்ததோ?" என்றார்.

"ஓம் டொக்டர், பத்து வயதிலை," என்றாள்.

"அது இதயத்திலை ஒரு கதவை, வால்வு எண்டுறதை, இறுக்கிப்போட்டுது. கொழும்பிலைதான் மாத்தலாம். குளிசையோடை ஒரு வருசம், ஒண்டரை வருசம் தள்ளலாம். அதுக்கு மேலை தள்ளாதேங்கோ."

கொழும்பு நண்பர் விசாரித்து எழுதினார். தனியார் ஆஸ்பத்திரியில் என்றால் போன உடனே செய்யலாம், செலவு இவ்வளவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் என்றால் வால்வை மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும், ஆனால் வரிசை ஒரு வருடத்துக்கு மேல். தோட்டத்தை விற்பதென்று முடிவாயிற்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி, பெண் தன் காணியை விற்கப் புருஷனின் கையெழுத்தும் வேண்டும். சட்டம் என்னை அவளைவிடப் புத்திசாலி என்று நம்பியிருந்தது. சட்டம் எழுதியவர்கள் என்னைக் கண்டதில்லை.

வாங்கியவர் தம்பிதான். வெளி ஆள் வாங்கினால் அக்கா மனம் நோவாள் என்று, தன்னுடைய உழவு மெசினை விற்று, வங்கியிலும் கடன் பட்டு வாங்கினார். காசை என் கையில் தரும்போது சொன்னார்:

"அத்தான், இது அக்கான்ரை சீவன். உங்கடை படிப்பு ஒண்டையும் இதுக்குள்ளை விடாதேங்கோ."

"என்ரை படிப்பிலை உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. அது பேப்பரிலை இருக்கட்டும்."

கிடைத்த காசு தனியார் ஆஸ்பத்திரிச் செலவில் பாதிக்குத்தான் வந்தது. வால்வு வாங்க அது தாராளம். மனைவி அதைத்தான் சொன்னாள்.

"வரிசையிலை நிப்பம். கொழும்பிலை ஒரு அறை எடுத்து இருந்தால் முறை வராமலே போகும்?"

"ஒரு வருசம் எண்டு எழுதியிருக்கிறார்."

"இஞ்சை கூப்பன் கடையிலை மண்ணெண்ணெய்க்கு நிண்டு பழகின எனக்கு அது என்ன?"

அப்போதே புறப்பட்டிருக்கலாம். அந்த நேரத்தில்தான் நண்பரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கொழும்பில் எல்லாரும் பங்கு வாங்குகிறார்களாம். தலைமயிர் வெட்டுபவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு விலை கேட்கிறாராம். வாங்கியது ஆறு மாதத்தில் இரட்டிக்கிறதாம். அவர் அதை ஒரு வேடிக்கையாக எழுதியிருந்தார். நான்தான் அதற்குள் பாதி முழுதாகும் கணக்கைக் கண்டேன். ஒரு வருடம் வரிசையில் நிற்கும் காலத்தைக் காசு வேலை செய்யும் காலமாக மாற்றினால் என்ன? வருட முடிவில் தனியார் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்ப் படுத்துவிடலாம்.

நான் சூதாடியல்ல. சீட்டுக்கூட எண்ணாமல் விளையாடமாட்டேன். ஆகவே எனக்கு ஒரு முறை தேவைப்பட்டது. கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை அனுப்பச் சொல்லி நண்பருக்கு எழுதினேன். கப்பல் தபாலில், யாரோ பிரித்துப் பார்த்து வேறு கயிற்றால் கட்டிய பொதியாக, மார்கழியில் வந்து சேர்ந்தன. வழவழப்பான தாள். நாங்கள் பள்ளிக் கொப்பிக்கே அலைந்துகொண்டிருந்த காலம் அது. மனைவி ஒவ்வொன்றையும் மணந்து பார்த்துவிட்டுத்தான் தந்தாள்.

ஒவ்வொரு அறிக்கையின் கடைசிப் பக்கங்களிலும் ஒரு பட்டியல் இருந்தது. மார்ச் முப்பத்தோராம் திகதி நிலவரப்படி அந்தக் கம்பெனியில் அதிகம் பங்கு வைத்திருந்த இருபது பேர். காப்புறுதிகள், சேமலாப நிதிகள், வங்கிகள், வெளிநாட்டு நிதியங்கள். அதைக் கண்டதும் ஐந்தொகைக் கணக்கையும் இலாப நட்டக் கணக்கையும் மூடிவைத்துவிட்டேன். வருடக்கணக்காக அவற்றைப் படிப்பித்தவனுக்கு அவற்றில் நம்பிக்கை இல்லாமல் போனது ஆச்சரியமில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசும்போது முதலில் பார்ப்பது பெண்ணை அல்ல. அந்த வீட்டில் வேறு ஆர் எடுத்திருக்கினம் என்றுதான் விசாரிப்பார்கள். அங்கே ஒரு டொக்டர் பெண் எடுத்திருந்தால் விசாரணை அத்தோடு முடிந்தது. அவ்வளவு பெரிய ஆள் விசாரியாமலா எடுத்திருப்பார்? என் கலியாணமும் அப்படித்தான் முற்றாயிற்று. மனைவியின் ஒன்றுவிட்ட அக்காவை ஒரு நில அளவையாளர் எடுத்திருந்தார். அதற்கு மேல் என் வீட்டார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூட்டுக் காய்ச்சலையும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதுபற்றி எனக்கு இன்றைக்கும் கவலை இல்லை. சொல்லியிருந்தால் என் வீட்டார் அவளை எனக்கு எடுத்திருக்கமாட்டார்கள்.

பிற்பகலில் அவள் சாய்மனைக் கதிரையில் படுத்திருப்பாள். நான் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, ஜாதகம் வாசிப்பதுபோலப் பட்டியல் வாசிப்பேன்.

"இது ஆரின்ரை வீடு?" என்பாள்.

"ஒரு வாளிக் கம்பெனி. பிளாஸ்ரிக் வாளி, பேசன், கோப்பை."

"நான் வாளி தூக்க ஏலாமல் கிடக்கிறன். நீங்கள் வாளிக்கை காசு போடப் போறியளோ? சரி, ஆர் ஆர் எடுத்திருக்கினம்?"

"முதலாம் இடம் ஒரு காப்புறுதி."

"கிழடோ?"

"கிழடுதான். ஆனால் பென்சன் இருக்கு. அசையாது."

"ரண்டாம் இடம்?"

"அங்கைதான் விஷயம். லண்டன் நிதியம். போன வருசப் பட்டியலிலை ஆளே இல்லை. இந்த வருசம் நேரை வந்து ரண்டாம் இடத்திலை குந்தியிருக்கிறார்."

அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "லண்டன் மாப்பிள்ளை எண்டால் கவனம். அங்கையும் ஒண்டு வைச்சிருப்பாங்கள்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்து முடித்து மூச்சு எடுக்க நேரம் சென்றது. நான் அந்தக் கம்பெனியின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு சரி போட்டேன்.

தொண்ணூற்றிநாலு தை பிறந்ததும் முழுக் காசுக்கும் அதை வாங்கச் சொல்லி எழுதினேன். அவளுடைய காணிக் காசு என்பதால் அவளுடைய பெயரில். நண்பர் வாங்கிவிட்டு எழுதினார்: நீ பார்த்த பட்டியல் போன மார்ச் மாதத்துப் பட்டியல், அதற்குப் பிறகு பத்து மாதம் போய்விட்டது, பெரிய கைகள் விற்பதுபோல எனக்குத் தெரிகிறது, கொஞ்சம் இலாபம் வந்தாலும் விற்றுவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு வா. அந்தக் கடிதம் எனக்குக் கிடைக்க ஒரு மாதம் ஆனது. நான் எழுதிய பதில் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். "எங்கள் ஊரில் மாப்பிள்ளை தாலி கட்டினால் பத்து மாதத்தில் பிள்ளை பிறக்கும். மாப்பிள்ளை ஓடுவதில்லை. இரண்டாம் இடத்தவர் இருக்கும் வரை நான் அசையேன்." எழுதிவிட்டு அதை மனைவிக்கு வாசித்தும் காட்டினேன். தபாலுறையை ஒட்டியவளே அவள்தான்.

அவ்வளவு பெரிய தொகை கொடுத்து, அவ்வளவு விசாரித்து, இரண்டாம் இடத்தில் வந்து இருந்தவர் எழும்பிப் போவார் என்று என் மூளையில் ஏறவேயில்லை. எடுப்பது எங்களுக்குத் தெரியும். எடுத்ததை விடுவதும் ஒரு தொழில் என்பது தெரியாது. பாடப் புத்தகத்தில் இருந்தது, நானே கரும்பலகையில் எழுதியுமிருக்கிறேன்.

விலை இறங்கத் தொடங்கியது. கொழும்புப் பத்திரிகை எங்களுக்கு ஒரு வாரம் பத்து நாள் பிந்தித்தான் வரும். சுன்னாகத்தில் ஒரு கடையில் சாமான் சுற்ற வைத்திருக்கும் பழைய தாள்களையும் விடாமல் பார்ப்பேன். ஒருநாள் கருவாடு சுற்றிய தாளில் என் கம்பெனியின் விலையைக் கண்டேன். இறங்கியிருந்தது. நாற்றத்தில் எண் சரியாகத் தெரியவில்லை என்று மனைவிக்குச் சொன்னேன். விலை விழுந்தால் லண்டன்காரர் மலிவில் இன்னும் வாங்குவார், அப்போது ஏறும் என்றும் விளக்கினேன். அவள் ஒரு தலையணையோடு படுத்துக்கொண்டிருந்தவள். மூச்சு முட்டாமல் படுக்க அந்த வைகாசியில் இரண்டு வைத்தாள். ஐப்பசியில் மூன்று. விலை இறங்க இறங்கத் தலையணை ஏறியது. இப்படி ஒரு வரைபடத்தை நான் வகுப்பில் கீறியிருந்தால் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கியிருக்கும்.

டொக்டர் சொன்ன ஒண்டரை வருடமும் அதற்குள் முடிந்தது. நான் அதை எண்ணவில்லை என்று சொல்லமாட்டேன். எண்ணினேன். புதிய அறிக்கை வரட்டும், அவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றிருந்தேன்.

தொண்ணூற்றைந்து தையில் சண்டை ஓய்ந்தது. கடைகளில் பற்றரி வந்தது, சவர்க்காரம் வந்தது. சனங்கள் சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓடினார்கள். போன மார்ச் வரைக்குமான அறிக்கையும் வந்தது. நான் வாசல் படலையிலேயே உறையைக் கிழித்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். முதலாம் இடத்தில் கிழவர் இருந்தார். இரண்டாம் இடத்தில் வேறு யாரோ. இருபதாம் இடம் வரை விரலை வைத்துக்கொண்டு போனேன், மேலே வந்தேன், திரும்பவும் போனேன். லண்டன்காரர் இல்லை.

உள்ளே மனைவி கேட்டாள்: "பட்டியல் வந்திட்டுதோ? வாசியுங்கோவன்."

வாங்கில் இருந்து வாசித்தேன். முதலாம் இடம் காப்புறுதி. இரண்டாம் இடம் லண்டன் நிதியம் என்றேன். மூன்று, நாலு, ஐந்து எல்லாம் ஒழுங்காக வாசித்தேன். அவள் இருபதும் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போயிட்டார் என்ன?" என்றாள்.

"ஆர்?"

"லண்டன் மாப்பிள்ளை. நீங்கள் ஒரு பகிடியும் விடாமல் வாசிச்சனீங்கள். கலியாணம் கட்டின நாளிலையிருந்து நீங்கள் பகிடி விடாமல் ஒண்டும் வாசிச்சதில்லை. பால் கணக்குக்கூட."

நான் ஓம் என்றேன்.

"எப்ப போனவர்?"

"போன பங்குனிக்குள்ளை. நாங்கள் வாங்கின காலத்திலைதான்."

"அப்ப எங்களுக்கு வித்ததே அவர்தானோ?"

எனக்கு அதுவரை அது தோன்றவில்லை. வணிகக் கல்வி ஆசிரியருக்குத் தோன்றவில்லை. "இருக்கலாம்," என்றேன்.

"சீதனத்தையும் வாங்கிக்கொண்டு, பொம்பிளையையும் எங்கடை தலையிலை கட்டிப்போட்டுப் போயிட்டார்," என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். பகிடி ஒன்றும் வரவில்லை.

தம்பியிடம் சொல்ல சுன்னாகம் சந்தைக்குப் போனேன். வெங்காயப் பிடிகளைக் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அடுக்கினார்.

"எவ்வளவு மிஞ்சும்?" என்றார்.

"மூண்டிலை ஒண்டும் வராது."

"உங்களுக்கு அடிக்க வேணும் போல கிடக்கு அத்தான். அடிச்சால் அக்கா அழுவா, அதுவும் அவவுக்குக் கூடாது." கையை இடுப்புச் சாறத்தில் துடைத்தார். "வால்வு என்ன விலை?"

தண்ணீர் இறைக்கும் மெசினை விற்றார். அந்தப் போகம் முழுவதும் கிணற்றுத் துலாவால் கையாலேயே இறைத்தார். பங்குகளை விற்கச் சொல்லி நான் எழுதிய கடிதம் போய், படிவம் வந்து, அவள் கையெழுத்துப் போட்டு, அது திரும்பிப் போய், விற்று முடிய ஏப்ரல் பிறந்துவிட்டது. அந்தக் காசும் தம்பியின் காசும் சேர்ந்து ஒரு வால்வுக்குச் சரியாக வந்தது. சேர்ந்த காசை நண்பர் தன்னிடம் வைத்துக்கொண்டு, வரிசையில் அவளுடைய பெயரைப் பதிந்து, அறையும் பார்த்துவிட்டார். வருசப் பிறப்பு முடியப் புறப்படுவோம் என்று அவள் இரண்டு சேலை மடித்து வைத்தாள்.

வருசம் பிறந்து ஒரு கிழமைக்குள் சண்டை திரும்பத் தொடங்கியது. பாதைகள் எல்லாம் அடைபட்டன. கடல்நீரேரியில் வள்ளத்தில் போகலாம் என்று ஒருவர் சொன்னார். டொக்டர் அவளைப் பார்த்துவிட்டு, வள்ளத்தில் ஏற்றினால் கரை சேரமாட்டா என்றார். போன வருடம் என்றால் சேர்ந்திருப்பாவா என்று நான் கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர், உண்மையைச் சொல்லியிருப்பார்.

ஐப்பசியில் எங்கள் பகுதியான வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை. அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, நான் முன்னால் உருட்ட, தம்பி பின்னால் அவளுடைய முதுகைத் தாங்கிக்கொண்டு வந்தார். அவ்வளவு சனமும் ஒரே தெருவில் தென்மராட்சிப் பக்கம் போனது. மறுநாள் பகல் நாவற்குழிப் பாலத்தை இன்னும் எட்டவில்லை. ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம். அவளுக்குக் கரியரில் இருக்க முடியாமல் போனது. நிலமெல்லாம் வெள்ளம். பக்கத்தில் வந்த ஒரு பெண், தலையில் கொண்டுவந்த வாளியிலிருந்த சட்டி பானையைத் தன் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா, இதிலை எப்பன் நேரம் இருங்கோ."

இருத்தக் குனிந்தபோதுதான் வாளியின் அடியில் பொறித்திருந்த அடையாளத்தைக் கண்டேன். அவளும் கண்டாள்.

"இது எங்கடை கம்பெனி எல்லே?"

"ஓம்."

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தாள். வாளி நெளியவில்லை. கொஞ்ச நேரம் மூச்சை எடுத்தாள்.

"சாமான் நல்ல சாமான்தான்," என்றாள். "பிழை சொல்ல ஏலாது."

அதுதான் அவள் விட்ட கடைசிப் பகிடி. அதற்குப் பிறகு கதைத்தவை எல்லாம் தண்ணீர், தலையணை, கதவைத் திறவுங்கோ என்பவைதான். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில், கார்த்திகை முடிவதற்கு முன் போய்விட்டாள். வால்வுக்கான காசு கொழும்பில் நண்பரிடம் பத்திரமாக இருந்தது. ஒரு சதம் குறையவில்லை.

பண்டத்தரிப்புத் தபால்காரரும் எங்களோடுதான் இடம்பெயர்ந்திருந்தார். மார்கழியில் ஒருநாள் காலை, வகுப்பு வகுப்பாகத் தேடிக்கொண்டு வந்து, ஒரு பெரிய உறையைத் தந்தார். எங்கெங்கோ சுற்றி வந்ததில் மூலைகள் பிய்ந்திருந்தன. திருமதி என்று போட்டு அவளுடைய பெயர் இருந்தது. வாளிக் கம்பெனியின் ஆண்டறிக்கை.

அது அந்த வருட மார்ச் முப்பத்தோராம் திகதி நிலவரம்; அன்றைக்கு அவளுடைய பங்குகள் இன்னும் விற்றுமுடியவில்லை. கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். இருபது பெரியவர்களை நான் பார்க்கவில்லை. அதற்குக் கீழே ஒரு சிறிய கட்டம் உண்டு, நான் ஒருநாளும் வாசிக்காதது. ஆயிரத்துக்குக் குறைந்த பங்கு வைத்திருப்பவர்கள் இத்தனை பேர் என்று ஒரு தொகை. பெயர்கள் இல்லை. அந்தத் தொகையில் ஒன்று அவள்.

தம்பி வந்து பின்னால் நின்றார். "இப்பவும் ஆர் ஆர் இருக்கினம் எண்டோ பாக்கிறியள்?" என்றார். குரலில் கோபம் இருந்தது.

"ஓம்," என்றேன். "இதிலை அக்கா இருக்கிறா."

அவருக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. புத்தகத்தை வாங்கி, நான் விரல் வைத்திருந்த இடத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.